ஒரு நாள் பாட்டும் ஒரு பழைய கிடாரும்

"யாருடா இந்தப் பையன்? தொண்டை கட்டிப்போய் இப்படிக் கத்துறானே, ஒரு டம்ளர் மிளகுப் பால் கொடுக்க அவன் வீட்டில் ஆள் இல்லையா?"

நான் இப்படிக் கேட்டதும் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். கட்டிலில் சாய்ந்திருந்த மருமகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டு வயதுப் பேரன் மட்டும் எதையும் கவனிக்காமல், கவிழ்த்துப் போட்ட இட்லிப் பானையில் தோசைக் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

இது நடந்தது லிவர்பூலில். மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், "நீங்க வந்தா போதும் அத்தை" என்று கூப்பிட்டாள். சுக்கு, திப்பிலி, கட்டிப் பெருங்காயம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டேன். பேத்தி பிறந்து பத்து நாள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், என் மகன் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டான். அதன் கடைசிப் பாட்டைக் கேட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

"அம்மா, நீ சொன்னது நூத்துக்கு நூறு சரி. அன்னிக்கு அவருக்கு நிஜமாவே ஜலதோஷம்" என்றான்.

இங்கிலீஷ் பாட்டுக்கும் எனக்கும் வெகு தூரம். பீட்டில்ஸ் என்றால் முடியை நெற்றியில் விட்டுக்கொண்ட நாலு பையன்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் என் மகன் அன்று சொன்ன கதை, பாட்டு தெரியாத எனக்கும் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலை பத்து மணியிலிருந்து...

1963-ம் வருஷம் பிப்ரவரி 11, திங்கட்கிழமை. அந்த வருஷம் இங்கிலாந்தில் எலும்பை உருக்கும் குளிர். நாலு பையன்களும் அந்தப் பனியில் ஊர் ஊராகப் போய் மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கிடைத்த ஒரே ஒரு நாளில், லண்டன் ஆபி ரோட்டில் இருக்கும் இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜான் லென்னனுக்கும், ரிங்கோ ஸ்டார் என்று பெயர் வைத்துக்கொண்ட ரிச்சர்ட் ஸ்டார்கிக்கும் 22 வயது. பால் மெக்கார்ட்னிக்கு 20. ஜார்ஜ் ஹாரிசனுக்கு இருபது முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி. நம் வீட்டில் இந்த வயதுப் பிள்ளைகளிடம் பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால், மிச்சக் காசை எண்ணி வாங்குவார்களா என்று கவலைப்படுவோம்!

அதற்கு முன் அவர்களுடைய இரண்டு சின்ன இசைத்தட்டுகள் வந்திருந்தன. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு பாட்டு. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற இரண்டாவது தட்டு நன்றாக விற்கவே, சூட்டோடு சூடாக ஒரு பெரிய தட்டு போட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நினைத்தார். பெரிய தட்டுக்குப் பதினாலு பாட்டு வேண்டும். ஆகவே இன்னும் பத்து! "நீங்கள் மேடையில் என்ன பாடுகிறீர்களோ, அதையே இங்கே பாடுங்கள்" என்ற முறையில் ஒரே நாளில் முடித்துவிடத் தீர்மானித்தார்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மார்ட்டினும் கூட இருந்தவர்களும் வெளியே போனார்கள். இந்த நாலு பேரும் போகவில்லை. உள்ளேயே இருந்து பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எந்தப் பாடகர் கூட்டமும் சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்து பார்த்ததில்லை என்று அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் பிற்பாடு ஆச்சரியப்பட்டிருக்கிறார். அவர்கள் சாப்பிட்டது என்ன தெரியுமா? பால்தான்.

ராத்திரி பத்து மணிக்கு ஒன்பது பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்று பாக்கி. அதுதான் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. வேறு ஒருவர் ஏற்கெனவே பாடிய பாட்டு. தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாட வேண்டியது. ஜானுக்கோ காலையிலிருந்தே ஜலதோஷம். பன்னிரண்டு மணி நேரம் பாடிப் பாடிக் குரல் போகிற நிலை. முதலிலேயே பாடியிருந்தால் மற்ற பாட்டுகளுக்குக் குரல் மிஞ்சாது என்றுதான் அதைக் கடைசியில் வைத்திருந்தார் மார்ட்டின். தொண்டை மாத்திரையைச் சப்பிவிட்டு, பாலில் கொப்பளித்துவிட்டு, ஒரே மூச்சில் பாடி முடித்தார் ஜான். இன்னொரு தரம் பாடிப் பார்க்கலாம் என்று முயன்றபோது குரலே இல்லை. ஆகவே முதல் தடவை பாடியதுதான் தட்டில் இருக்கிறது. அதற்கப்புறம் ரொம்ப நாள் வரை எச்சில் விழுங்கினால்கூடத் தொண்டையில் உப்புத்தாள் தேய்த்தது போல இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மணி ராத்திரி பத்தே முக்கால். கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாளே பையன்களுக்கு மறுபடி மேடை. ஒன்பது நாள் கழித்து, அவர்கள் ஊரில் இல்லாதபோது, மார்ட்டின் தாமே இரண்டு பாட்டில் கொஞ்சம் வாத்தியம் சேர்த்தார்.

மார்ச் 22-ம் தேதி தட்டு கடைக்கு வந்தது. மே மாதம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்கு ஏறியது. ஏறியது, இறங்கவே இல்லை. முப்பது வாரம்! கடைசியில் அதை இறக்கியதும் வேறு யாருமல்ல. இவர்களுடைய இரண்டாவது தட்டுதான். பதினாலு பாட்டில் எட்டு, ஜானும் பாலும் தாங்களே கட்டியவை. பாடுகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுவது அப்போது அவ்வளவு வழக்கமில்லையாம்.

"ஒரு நாளிலே பத்துப் பாட்டு, முப்பது வாரம் முதலிடம்! எப்படிம்மா?" என்று என்னவோ தானே பாடியது போலப் பெருமைப்பட்டான் என் மகன்.

பாலும் கபமும்

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஜலதோஷத்தோடு பால் குடிக்கலாமா? கபம் கட்டுமே!"

என் மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் சொன்னாள்: "இல்ல அத்தை. பால் குடிச்சா சளி அதிகமாகாது. எச்சிலோட கலந்து தொண்டையிலே கொஞ்சம் கெட்டியா இருக்கிற மாதிரி தோணும், அவ்வளவுதான். அன்னிக்கு அவர் செஞ்ச தப்பு பால் இல்லை. தொண்டை கட்டினதோட கத்திப் பாடினதும், நடுநடுவே சிகரெட் பிடிச்சதும்தான்."

பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தை உள்ள தாய்மார்களுக்காக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தொண்டை கட்டினால் இரண்டு மூன்று நாள் பாட்டு கிளாஸுக்கு லீவு போட்டுவிடுங்கள். அடிக்கடி தண்ணீரோ வெதுவெதுப்பான கஞ்சியோ கொடுங்கள். குரல் இல்லையே என்று கிசுகிசுப்பாகப் பேசச் சொல்லாதீர்கள். அதுவும் குரல் நாண்களுக்குச் சிரமம்தான். தேன் கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப் போயிருந்தால் கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

"உங்க மிளகுப் பால் நல்லதுதான் அத்தை" என்று கடைசியில் எனக்கும் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தாள். புத்திசாலிப் பெண்.

பெரியம்மா வீட்டுப் பின்கட்டு

பேத்திக்கு ஒரு மாதம் ஆனதும், மருமகளின் சிநேகிதி வந்து துணைக்கு இருந்தாள். என் மகன் என்னையும் பேரனையும் கூட்டிக்கொண்டு ஜானும் பாலும் வளர்ந்த வீடுகளைக் காட்டப் போனான். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் இரண்டு வீடும் இருக்கின்றன. ஒரு சின்ன வேனில் பத்துப் பதினைந்து பேராகக் கூட்டிப் போகிறார்கள். நான் ஏதோ அரண்மனை மாதிரி எதிர்பார்த்தேன். போய்ப் பார்த்தால் நம் ரயில்வே காலனி வீடு போல இரண்டு வீடு!

முதலில் ஜானின் வீடு. 'மென்டிப்ஸ்' என்று பெயர். உண்மையில் அது அவருடைய பெரியம்மா வீடு. ஜானின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், குடும்பத்தோடு நிலைக்கவில்லை. அம்மா ஜூலியாவுக்கும் வாழ்க்கை நேராக அமையவில்லை. ஐந்து வயதிலிருந்து ஜானை வளர்த்தவர் ஜூலியாவின் அக்கா மிமி. பிள்ளை இல்லாதவர். கண்டிப்புக்காரர். வீட்டைப் பளிங்கு மாதிரி வைத்திருப்பார். பையன்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாது. பின்பக்கம் சமையலறை வழியாகத்தான் வர வேண்டும். ஜான் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் வாசிக்க விடமாட்டார். முன்வாசலில் கண்ணாடி அடைத்த சின்னத் திண்ணை போல ஒன்று இருக்கிறது. "அங்கே போய் அடி" என்று அனுப்பிவிடுவாராம். ஜானும் பாலும் அங்கே நின்றுதான் பழகினார்கள். நானும் அங்கே நின்று பார்த்தேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

"கிடார் வாசிக்கிறதெல்லாம் சரிதான், ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியாது" என்று மிமி பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னதும் கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அந்த வீட்டுச் சமையல் மேடையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

நாலு வீடு, நாலு கதை

அந்தத் தட்டுக்குப் பின்னால் நாலு வீடுகளின் கதை இருக்கிறது. வேனிலும் வீட்டிலுமாக எனக்குக் கிடைத்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜூலியா மகனோடு இல்லாவிட்டாலும் பக்கத்திலேயேதான் இருந்தார். பாஞ்சோ என்ற வாத்தியம் வாசிப்பார். மகனுக்கு முதலில் விரல் வைத்துக் காட்டியவர் அவர்தான். 1958-ம் வருஷம் ஜூலை 15-ம் தேதி, அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மென்டிப்ஸ் வாசல் ரோட்டில் கார் மோதி இறந்தார். ஜானுக்கு 17 வயது.

பாலின் வீடு ஃபோர்த்லின் ரோட்டில். நகரசபை கட்டி வாடகைக்கு விட்ட சின்ன வீடு. அம்மா மேரி நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தியவருக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கட்டு அடைத்து 1956-ம் வருஷம் அக்டோபர் 31-ம் தேதி இறந்துபோனார். 47 வயதுதான். பாலுக்கு அப்போது 14. இதைக் கேட்டபோது, பத்து நாளாக மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்த என் சிநேகிதி ஒருத்தியின் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே அவளுக்குப் போன் போட்டு, "நாளைக்கே போய்க் காட்டு" என்று சண்டை போட்டேன். நீங்களும் தள்ளிப்போடாதீர்கள் சகோதரிகளே. அவளுக்குச் சாதாரணக் கட்டிதான் என்று வந்தது; அது பார்த்த பிறகுதானே தெரிந்தது?

மேரி போன பிறகு, பருத்திக் கம்பெனியில் விற்பனையாளராக இருந்த அப்பா ஜிம் தனியாகவே இரண்டு பையன்களை வளர்த்தார். அவரே ஒரு காலத்தில் இசைக்குழு வைத்திருந்தவர். மகனுக்கு ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தார். பால் அதைக் கொடுத்துவிட்டுக் கிடார் வாங்கிவந்தார். இடது கைப் பழக்கம் உள்ள பையன். கிடாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டு முன்னறையில்தான் ஜானும் பாலும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பெரிய தட்டின் முதல் பாட்டு முடிந்ததும் அங்கேதான். பெரியவர்கள் எட்டு பேர் நுழைந்தால் மூச்சு முட்டும் அறை அது. தாயை இழந்த ஒருவரும், தாயை இழக்கப்போகிற ஒருவரும் 1957-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி ஒரு மாதா கோவில் திருவிழாவில் சந்தித்திருக்கிறார்கள். விதி என்பதா, வேறு என்ன சொல்வது?

ஜார்ஜின் அப்பா பஸ் டிரைவர். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனிடமிருந்து மூன்று பவுன் பத்து ஷில்லிங்குக்குப் பழைய கிடார் ஒன்றை வாங்கிக் கொடுத்தவர் அம்மா லூயிஸ். பையன் கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி புண்ணாகிவிடும். எனக்கு வராது என்று அழுகிற கட்டத்துக்கு வந்துவிடுவானாம். அப்போதெல்லாம் ராத்திரி வெகு நேரம் கூடவே உட்கார்ந்து, "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் லூயிஸ்.

ரிங்கோவின் கதைதான் என்னை அழ வைத்தது. அப்பா சின்ன வயதிலேயே பிரிந்து போய்விட்டார். அம்மா எல்ஸி மதுக்கடையில் பரிமாறும் வேலை பார்த்துக் குழந்தையை வளர்த்தார். ஆறு வயதில் குடல்வால் வெடித்து, வயிற்றில் சீழ் பரவி, நினைவு தப்பிப் பல நாள் கிடந்தான் குழந்தை. ஏறக்குறைய ஒரு வருஷம் ஆஸ்பத்திரி. பதின்மூன்று வயதில் நெஞ்சில் சளி முற்றிக் காசநோய். மறுபடி இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி. படிப்பு அத்தோடு போயிற்று. அங்கே குழந்தைகளுக்குப் பொழுது போவதற்காக வாத்தியங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். இந்தப் பையன் முரசு கொடுத்தால்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் நூல்கண்டுக் கட்டையால் தட்டித் தட்டித் தாளம் பழகினான். பிற்பாடு எல்ஸி மறுமணம் செய்துகொண்ட ஹாரி கிரேவ்ஸ், லண்டன் பக்கம் போனபோது பத்துப் பவுனுக்குப் பழைய டிரம் ஒன்றை வாங்கி, ரயிலில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். பெற்ற அப்பா இல்லை, பாருங்கள்!

அந்த ரிங்கோவுக்கும் ஒரு அவமானம் காத்திருந்தது. 1962 செப்டம்பரில் முதல் தட்டுக்குப் பாடும்போது, டிரம் வாசிக்க அனுபவசாலி ஒருவரை வெளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார் மார்ட்டின். ரிங்கோ கையில் கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து அந்தப் பிப்ரவரி 11-ம் தேதி, அதே கூடத்தில் பத்துப் பாட்டுக்கும் ரிங்கோதான் தாளம். ஒரு பாட்டை அவரே பாடவும் செய்தார், டிரம்மை அடித்துக்கொண்டே.

ஒரு நாள் இல்லை

இத்தனையும் கேட்ட பிறகு "ஒரே நாளில் செய்தார்கள்" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. கல்யாண வீட்டில் ஒரு சமையல்காரர் நாலு மணி நேரத்தில் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு இறக்கினால், அது நாலு மணி நேர வேலையா? அதற்குப் பின்னால் எத்தனை வருஷம் கை சுட்டுக்கொண்டிருப்பார்!

இவர்களும் அப்படித்தான். ஆரம்பத்தில் டீப் பெட்டியில் கம்பு நட்டு, கயிறு கட்டி ஒரு வாத்தியம். அம்மாக்கள் துணி துவைக்கும் வரிப் பலகையில் விரலால் சுரண்டி ஒரு தாளம். அந்தக் காலத்து லிவர்பூலில் எத்தனை அம்மாக்கள் துவைக்கும் பலகையைத் தேடியிருப்பார்களோ! பிறகு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் ராத்திரி ராத்திரியாக, மணிக்கணக்கில் பாடினார்கள். ஒரு சினிமாக் கொட்டகைத் திரைக்குப் பின்னால் படுத்துத் தூங்கினார்கள். ஜார்ஜுக்கு 18 வயது ஆகவில்லை என்று போலீஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டது. லிவர்பூலில் 'கேவர்ன்' என்ற நிலவறையில் ஏறக்குறைய முந்நூறு தடவை பாடினார்கள். 1962 ஜனவரி 1-ம் தேதி ஒரு பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் பாடிக் காட்டினார்கள். அவர்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு நாள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே லிவர்பூலில் அதே காலத்தில் இதைப் போல நூற்றுக்கணக்கான பையன் கூட்டங்கள் கிடாரும் கையுமாகத் திரிந்தன. பெரும்பாலானவர்கள் கொஞ்ச நாளில் வேலைக்குப் போய்விட்டார்கள். மிமி பெரியம்மா சொன்னது பெரும்பாலான பிள்ளைகளைப் பொறுத்தவரை உண்மைதான். அவருடைய பயம் பொய்யான பயமில்லை. எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

மூலையில் இருந்த கிடார்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் மகன் பத்தாவது படிக்கும்போது, சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து அறுநூறு ரூபாய் சேர்த்தான். சிநேகிதன் ஒருவனிடம் ஒரு பழைய கிடார் வாங்கி வந்தான். கதவு மூலையில் சாத்தி வைத்திருப்பான். சாயங்காலம் ஆனால் 'டொய்ங், டொய்ங்' என்று ஒரே சத்தம். அவன் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் இடி. பிளஸ் டூவில் அரைப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தது. ஒரு நாள் அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது பழைய பேப்பர்காரர் வந்தார். பேப்பரோடு கிடாரையும் தூக்கிப் போட்டேன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார்.

சாயங்காலம் வந்தான். மூலையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது 2004-ம் வருஷம். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தான், இன்ஜினியரிங் படித்தான், வெளிநாடு போனான். நான் செய்தது சரிதான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மென்டிப்ஸ் போய் வந்த அன்று ராத்திரி, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். என் மகன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டேன்.

"கண்ணா, அந்தக் கிடாரை நான் தூக்கிப் போட்டது தப்புதானேடா?"

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"அதெல்லாம் விடும்மா. எனக்கு நாலு பாட்டுகூட உருப்படியா வராது. நான் ஒண்ணும் பெரிய ஆளா வந்திருக்க மாட்டேன்."

"அப்போ உனக்கு வருத்தம் இல்லையா?"

"போட்டதுக்கு வருத்தம் இல்லம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போட்டியே, அதுதான். வந்து பார்த்தேன், மூலை காலியா இருந்துச்சு. நீ 'டிபன் சாப்பிடு'ன்னே. சாப்பிட்டேன். எனக்குப் பிடிச்சது எதையும் இனிமே வீட்டிலே காட்டக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன்."

கோபமாகச் சொல்லவில்லை. யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் கரண்டி கையில் நிற்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டதை டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னான். இந்தப் பெண்ணை விரும்புவதை மூன்று வருஷம் கழித்துத்தான் சொன்னான். "ஆம்பளைப் பிள்ளை, அதான் வாயைத் திறக்க மாட்டான்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே! அந்த வாயை மூடியது நான்தான் என்று இருபது வருஷம் கழித்து ஒரு சமையலறையில் தெரிந்துகொண்டேன்.

"மிமி பெரியம்மாகூடக் கிடாரைத் தூக்கிப் போடலியேடா, வாசலுக்குத்தானே அனுப்பினாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது இளம் தாய்மார்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுங்கள், படிப்பை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சத்தம் தாங்கவில்லையா, நேரம் வையுங்கள், இடம் வையுங்கள். பரீட்சையா, இரண்டு மாதம் மூட்டை கட்டி வைப்போம் என்று அவனையே உட்கார வைத்துப் பேசுங்கள். அதை அவன் கையாலேயே எடுத்து வைக்கட்டும். ஆனால் அவன் இல்லாதபோது அவன் பொருளில் கை வைக்காதீர்கள்.

மறுநாள் பேரனிடமிருந்து என் இட்லிப் பானையை மீட்டேன். ஓரம் வேறு நெளிந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, மேலே பழைய துண்டைக் கட்டிக் கொடுத்தேன். பாப்பா தூங்கும் நேரத்தில் கூடாது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை என்று பேசி முடிவு செய்தோம். தினமும் பத்து நிமிஷம் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளம் தப்பும். "வரும், வரும்" என்று சொல்வேன்.

திருச்சிக்குத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குப் பழைய பேப்பர்காரர் கொடுத்த நூற்றைம்பது ரூபாயில் ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கியிருந்தேன். இன்றைக்கும் அதில்தான் துவரம் பருப்பு இருக்கிறது. தினமும் குழம்புக்குப் பருப்பு எடுக்க அதைத் திறக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் கூப்பிட்டான். "அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? பழைய கிடார் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றான்.

வாங்குவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டான்!